காலி கட்டம், சைபர் ரூபாய்

ஒரு பொருளோட விலை சைபர் ரூபாய்னு ஆப்ல காட்டினா என்ன ஆகும்? ஆர்டர் குவியும், வேறென்ன. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல நிஜமாவே இது நடந்தது. காரணம் ஒரே ஒரு வரி கோடு. எழுதினது நான்தான்.

அட்மின் பக்கத்துல விலைக் கட்டத்தை யாரோ காலியா விட்டு சேவ் பண்ணிட்டாங்க. ஃபார்ம்ல இருந்து வர்றது, ஃபைலைத் தவிர, எல்லாமே ஸ்ட்ரிங்தான். அதனால விலைக்குப் பதிலா ஒரு காலி ஸ்ட்ரிங் வந்து சேர்ந்தது. நான் அதை முதல்ல நம்பரா மாத்திட்டு, அப்புறம் 'இது எண்தானா'ன்னு செக் பண்ணியிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட்ல காலி ஸ்ட்ரிங்கை நம்பரா மாத்தினா 0 வரும். நல்லை மாத்தினாலும் 0. வெறும் ஸ்பேஸ் மட்டும் இருந்தாலும் 0தான்! 0 ஒரு எண்தானே, செக் பாஸ் ஆயிடுச்சு. அதாவது, மாத்துற வேலையே தப்பு நடந்ததுக்கான தடயத்தை அழிச்சிடுச்சு.

'டைப்ஸ்கிரிப்ட் இருந்தா இது வராதே?'ன்னு கேப்பீங்க. வரும். கம்பைல் ஆனதும் டைப் எல்லாம் காணாமப் போயிடும். வெளிய இருந்து வர்ற ஜேசானை 'இது ப்ராடக்ட் டைப்'னு நீங்க எழுதி வச்சா, அது உங்க நம்பிக்கை மட்டும்தான். ஓடுற நேரத்துல அதை யாரும் சரிபார்க்க மாட்டாங்க.

அதுக்குத்தான் ஸாட் மாதிரி லைப்ரரி. ஆப்ஜெக்ட் எப்படி இருக்கணும்னு ஒரு ஸ்கீமா எழுதுறோம். சரியா இருந்தா புது ஆப்ஜெக்ட் கிடைக்கும், இல்லன்னா எந்த ஃபீல்டு ஏன் தப்புன்னு எரர் வரும். ஸ்கீமால இல்லாத ஃபீல்டை அது சாதாரணமா தூக்கிடும். யாராவது குறும்பா 'நான் அட்மின்'னு ஒரு ஃபீல்டு சேர்த்து அனுப்பினாலும் டேட்டாபேஸ் வரைக்கும் போகாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

ஆனா இதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. ஸாட்ல இருக்கிற கோயர்ஸ் வசதி உள்ளுக்குள்ள அதே பழைய நம்பர் ஃபங்ஷனைத்தான் கூப்பிடுது. காலி ஸ்ட்ரிங் கொடுத்தா மறுபடியும் அதே 0. பூலியன்ல இன்னும் மோசம்: 'ஃபால்ஸ்'னு எழுதின ஸ்ட்ரிங் 'ட்ரூ'வா மாறிடும், ஏன்னா அது காலியில்லாத ஸ்ட்ரிங்.

நான் இப்போ விலையை ஸ்ட்ரிங்காவே வாங்கி, ரெண்டு பக்க ஸ்பேஸையும் வெட்டி, காலியான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் நம்பரா மாத்துறேன். மாத்தினதும் மைனஸ்ல இருக்கான்னு இன்னொரு செக். இலக்கமா தெரியற எல்லாத்தையும் மாத்துறதும் இல்லை. சென்னை எஸ்.டி.டி. கோடு 044-ஐ நம்பராக்கினா 44தான் மிஞ்சும்.

சரி, நிஜமாவே இலவசமா கொடுக்கணும்னா? கட்டத்துல 0ன்னு டைப் பண்ணணும். காலியா விட்டா சேவ் ஆகாது.