மாம்பழக் காலத்தில் கிறிஸ்துமஸ்



ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை வந்து சேர்ந்தது. பனி மூடிய கூரை, கலைமான் வண்டி, சிவப்புச் சட்டை போட்ட தாத்தா. பின்பக்கத்தில் ஒரு பிள்ளை, "ஆன்ட்டி, நீங்கள் இருக்கிற வெளிநாட்டில் பனி கொட்டுமா?" என்று கேட்டிருந்தது. அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

மலாவியில் பனி கொட்டாது. இந்த நாடு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் நமக்கு மாறானவை. குளிர் ஜூன், ஜூலையில். அக்டோபர், நவம்பரில் நம் கத்திரி வெயில் போலக் காய்கிறது. பிறகு மழை. நம் ஊரில் மே மாதம் பூக்கும் மயில்கொன்றை இங்கே டிசம்பரில் சாலையோரமெல்லாம் சிவந்து நிற்கிறது. மாம்பழமும் அப்போதுதான். பாளையங்கோட்டையில் மார்கழிக் குளிரில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்ட அப்பாவின் கையைப் பிடித்து அதிகாலை ஆராதனைக்குப் போய் வளர்ந்த எனக்கு, வியர்வையும் மாம்பழ வாசனையுமாக வந்த முதல் கிறிஸ்துமஸ் பண்டிகையாகவே தோன்றவில்லை.

ஊரை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். பெட்டியில் அச்சுமுறுக்கு அச்சு வந்திருந்தது. அடுப்பு முன்னால் நின்று சுட்டு எடுத்த முறுக்கு மழை ஈரத்தில் மறுநாளே நமத்துப்போயிற்று. வாசலில் கட்டிய காகித நட்சத்திரம் முதல் மழையிலேயே கூழாகிவிட்டது. எங்கள் மகள் அன்று அழுதாள். நானும் அவளுக்குத் தெரியாமல் அழுதேன் என்பதை இப்போது சொல்லலாம்.

இந்த நாட்டுக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த ஸ்காட்லாந்து மிஷனெரிகளுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. அவர்கள் சபையில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வழக்கமே அதிகம் இல்லை; ஸ்காட்லாந்தில் அது பொது விடுமுறையானது 1958-இல்தான்! டாக்டர் ராபர்ட் லாஸ் முதலானோர் 1875-இல் ஏரிக்கரையில், கேப் மக்ளியர் என்ற இடத்தில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கினார்கள். காய்ச்சல் அவர்களை வாட்டியது. 1881-இல் மிஷன் வேறிடத்துக்கு மாறியது. அங்கேயே மரித்தவர்களின் கல்லறைகள் இன்றும் உள்ளன. அந்தக் காய்ச்சல்தான் எங்கள் டிசம்பரையும் ஆளுகிறது.

இங்குள்ள சபையார் அன்று டிரம் முழங்க ஆடிப் பாடி ஆராதிக்கிறார்கள். மதியம், வசதி உள்ள வீடுகளில் கோழியும் சோறும். தினமும் உண்பது என்சிமா, அதாவது மக்காச்சோள மாவில் கிளறிய களி. நமக்கு அன்றாடமான சோறு இவர்களுக்கு விருந்து. ஆனால் மக்காச்சோளம் அறுவடையாவது ஏப்ரல், மே மாதங்களில். டிசம்பரில் பல வீடுகளின் குதிர்கள் காலியாகத் தொடங்கிவிடும்; வயலில் வேலையோ அப்போதுதான் அதிகம். மழைநீர் தேங்கிக் கொசு பெருகுவதும் அப்போதே. மலேரியா டிசம்பரில் ஏறத் தொடங்கி, புத்தாண்டுக்குப் பின் உச்சத்துக்குப் போகிறது.

மலேரியாக் கிருமி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறது. ஏற்கெனவே போஷாக்குக் குறைந்த குழந்தையின் ஹீமோகுளோபின் 5 கிராமுக்குக் கீழே இறங்கி, மூச்சு வாங்கும் நிலையில் தாய்மார் முதுகில் கட்டித் தூக்கி வருகிறார்கள். ஆர்ட்டிசுனேட் ஊசி நல்ல மருந்து. குயினைனைவிட அதிகக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது என்று 2010-இல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வு காட்டியது. 2019-இல் மலேரியாத் தடுப்பூசியும் இந்த நாட்டில் தொடங்கியது. ஆனால் இழந்த இரத்தத்தை எந்த ஊசியும் அந்த இரவுக்குள் திருப்பித் தராது. 10 கிலோ குழந்தைக்குச் சுமார் 200 மில்லி இரத்தம் ஏற்ற வேண்டும். அதைத் தருகிறவர்களில் பெரும்பகுதி மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். டிசம்பரில் பள்ளிக்கு விடுமுறை!

இங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற எனக்கு இது புரிய இரண்டாவது கிறிஸ்துமஸ் வரவேண்டியிருந்தது. 24-ஆம் தேதி இரவு, ஆலயத்துக்குப் புறப்பட்டு நின்றபோது அழைப்பு வந்தது. வார்டில் இரண்டு குழந்தைகள். இரத்தப் பெட்டியில் ஒரு பைகூட இல்லை. என் கணவர் நவம்பரில்தான் கொடுத்திருந்தார். ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விடவேண்டும். என்னுடையது ஓ பாசிடிவ். பட்டுப்புடவையோடு படுத்துக் கொடுத்தேன். உடன் வேலை செய்கிறவர் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை முதலிய பரிசோதனைகளை முடித்து, இரத்தம் பொருந்துகிறதா என்றும் பார்த்து, ஒரு பையை இரண்டாகப் பிரித்தார். அதற்குள் ஒரு குழந்தை இறந்துவிட்டது. மற்றது பிழைத்தது. இங்கே தாயை 'அமாயி' என்கிறார்கள், நம் அம்மாயி போலவே. விடியற்காலையில் இரண்டு அமாயிமாரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பிழைத்த பிள்ளையின் தாய் மற்றவளின் கையைப் பிடித்திருந்தாள். எனக்கு அன்று ஆராதனை அந்தப் பாயில்தான் நடந்தது.

அதன்பின் எங்கள் வீட்டுக் கணக்கு மாறிவிட்டது. ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் இரத்தம் கொடுப்பதில்லை, டிசம்பருக்காக வைத்திருக்கிறோம். பள்ளி மூடுவதற்கு முந்திய வாரமே மாணவர்களிடம் போய்விடுகிறோம். அவர்கள் தரும் இரத்தம் சரியான குளிரில் 35 நாள் தாங்கும். பள்ளி திறக்கும் ஜனவரி வரை அது போதும். அந்தக் குளிரைத் தருவது நீங்கள் சென்ற ஆண்டுக் காணிக்கையில் வாங்கித் தந்த இரத்தக் குளிர்பெட்டி. மின்சாரம் அடிக்கடி போவதால் அதற்கு ஜெனரேட்டர் டீசல் தேவைப்படுகிறது. இவ்வாண்டு அதற்காகவே கேட்கிறோம். முறுக்கு இப்போது ஜூலையில் சுடுகிறேன், நமப்பதில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கும் பள்ளி முகாமுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: அட்டை வார்டுச் சுவரில் தொங்குகிறது. இங்குள்ள குழந்தைகள் அந்த வெள்ளைக் கூரையைப் பார்த்து, அது மக்காச்சோள மாவா என்று கேட்கிறார்கள்.