எழும்பூரா, சென்ட்ரலா? ஒரே ஒரு எழுத்தில் ரயிலை மிஸ் பண்ணிடாதீங்க!

சென்னையில் இருந்து மதுரை, நெல்லை பக்கம் போகும் பெரும்பாலான ரயில்கள் எழும்பூரில் இருந்துதான் கிளம்பும். ஏன் சென்ட்ரலில் இருந்து இல்லை?

காரணம், தண்டவாளத்தின் அகலம். 1873-ல் வந்த சென்ட்ரல், அகலப்பாதை ரயில்களுக்கானது. தெற்கே ஓடிய தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் ரயில்களுக்குத் தனி நிலையம் தேவைப்பட்டது. 1908 ஜூன் 11-ல் எழும்பூர் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் வடிவமைப்பு, கட்டியவர் சாமிநாத பிள்ளை. பின்னாளில் மீட்டர்கேஜ் போயே போச்சு, பழைய பிரிவினை மட்டும் மாறல.

டிக்கெட்டில் 'எம்.எஸ்.' என்றால் எழும்பூர், 'எம்.ஏ.எஸ்.' என்றால் சென்ட்ரல். அவசரத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்! மாறிப் போயிட்டா ஆட்டோ தேடாதீங்க, மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன்தான்.

இன்னொன்று: சில ரயில்கள் தாம்பரத்தில் இருந்து புறப்படுகின்றன. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துவிடுங்கள்.