சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்து
4 மணி நேரமா? 24 மணி நேரமா?

"மருந்து இவ்வளவு மெதுவாக இறங்குகிறதே! கொஞ்சம் வேகமாக விடக் கூடாதா?"

ரத்தப் புற்று நோய் கண்ட குழந்தையின் கட்டில் அருகே கண் விழித்திருக்கும் தாய், இப்படிக் கேட்பது இயற்கை. ஆனால், அந்த நிதானத்துக்குத் தக்க காரணம் இருக்கிறது.

இந்த நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று, மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆராய்ச்சிக் குழு உருவாக்கிய மருந்து இது.

356 நோயாளிகள்

அமெரிக்காவில், மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் என்ற குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் டாக்டர்கள் 356 இளம் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். உடலின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம் என்று இரு பிரிவுக்கும் ஒரே அளவு மருந்து. ஒரு பிரிவுக்கு 4 மணி நேரத்தில் ஏற்றினார்கள். மற்றதற்கு 24 மணி நேரம்!

முடிவு 2011-ல் வெளிவந்தது. மெதுவாக ஏற்றியவர்களின் நோய் அணுக்களுக்குள் அதிக மருந்து தங்கியிருந்தது. நோயை ஒடுக்கும் வேலையும் நன்றாக நடந்திருந்தது. ஆனால், நோயின் எல்லா வகைகளிலும் இந்த வித்தியாசம் ஒரே அளவாக இல்லை.

காரணம் என்ன?

அடைமழை பெய்தால் வெள்ளம் ஓடிவிடும். தூறல் நின்று பெய்தால் மண் ஊறும். மருந்தும் அப்படித்தான்.

வேகமாக ஏற்றினால் ரத்தத்தில் மருந்து சட்டென்று உயரும். ஆனால், சிறுநீரகம் அதை விரைவில் வெளியேற்றிவிடும். நோய் அணுவுக்குள் புகுந்த மருந்துக்கு, அந்த அணுவே வால் போல் சில துணுக்குகளை ஒட்டுகிறது. வால் நீண்டால் மருந்து எளிதில் வெளியே வர முடியாது. வால் வளர நேரம் வேண்டும். மெதுவாக ஏற்றினால் அந்த நேரம் கிடைக்கிறது.

நல்ல அணுக்களையும் இந்த மருந்து தாக்கும். அவற்றைக் காப்பாற்ற, குறித்த நேரத்தில் லியுகோவோரின் என்ற மாற்று மருந்து கொடுக்கிறார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவையும் அடிக்கடி சோதிக்கிறார்கள்.

எல்லா மருந்தும் மெதுவாக ஏற வேண்டியதில்லை. சில நிமிடங்களில் ஏற்றுபவையும் உண்டு. எது எப்படி என்பதை டாக்டரே முடிவு செய்வார்.

ஆகவே பெற்றோர்களே, சொட்டு மெதுவாக விழுகிறதே என்று குழாயின் திருகைத் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் நர்சைக் கூப்பிடுங்கள். மருந்தின் அளவைப் போலவே, அது ஏறும் நேரமும் சிகிச்சைதான்!