கடவுச்சீட்டின் கடைசி ஆறு மாதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும் காலாவதித் தேதி, அந்த ஆவணம் எந்நாள்வரை செல்லும் என்பதைச் சொல்கிறதே தவிர, எந்நாள்வரை அதைக்கொண்டு அயல்நாட்டுக்குள் நுழையலாம் என்பதைச் சொல்வதில்லை. தமிழகத்தினர் பெருமளவில் சென்றுவரும் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை, வந்திறங்கும் நாளிலிருந்து மேலும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டைக் கேட்கின்றன. தமக்குள் எல்லைச் சோதனையைக் கைவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியோ, அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின் மூன்று மாதச் செல்லுபடியும், கடவுச்சீட்டு முந்தைய பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்திருக்கிறது. வந்தவர் நோயாலோ வழக்காலோ தங்க நேர்ந்தாலும் திருப்பியனுப்பச் செல்லத்தக்க ஆவணம் வேண்டும் என்று நாடுகள் கருதுவது நியாயமே.

ஆனால் இந்த விதி பயணியின்மீது பாய்வது அயல்நாட்டு எல்லையில் அன்று, சொந்த ஊர் விமான நிலையத்தில்தான். நுழைவு மறுக்கப்பட்டவரைத் திரும்ப ஏற்றிவரும் பொறுப்பு, 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பின்படி, அவரை அழைத்துச் சென்ற விமான நிறுவனத்தைச் சேர்வதாலும், பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் விதிப்பதாலும், நுழைவு விதிகளின் தரவுத்தளமான டைமேட்டிக்கைப் பார்த்து, ஒரு வாரம் குறைந்தாலும் ஊழியர்கள் போர்டிங் பாஸ் தர மறுத்துவிடுகின்றனர்.

இதில் மிகுதியாகக் கவலைப்பட வேண்டியது சிறார் கடவுச்சீட்டைப் பற்றியே. பெரியவர்களுக்குப் பத்தாண்டு வழங்கப்பட, பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு ஐந்தாண்டே வழங்கப்படுவதால், கடைசி ஆறு மாதத்தைக் கழித்தால் பயன்படுவது நாலரை ஆண்டுதான். குடும்பத்தினர் அனைவரும் ஒரே நாளில் விண்ணப்பித்துப் பெற்றிருந்தால், பெற்றோரின் கடவுச்சீட்டில் பாதிக் காலம் மீதமிருக்கும்போதே பிள்ளையினுடையது முடிந்துவிடுகிறது. தம்முடைய தேதியைப் பார்த்து நிம்மதியடையும் பெற்றோர் பிள்ளையின் சீட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. கவுன்டரில் குழந்தை ஒன்று தடுக்கப்பட்டால் அன்று முழுக் குடும்பமும் வீடு திரும்ப வேண்டியதுதான். அதன்பின் மறுவெளியீட்டுக்கு, அதாவது பழையதற்கு மாற்றாகப் புதிய கடவுச்சீட்டு பெறுவதற்கு, தாய் தந்தை இருவரின் ஒப்புதலும் ‘இணைப்பு டி’ என்னும் உறுதிமொழிப் படிவத்தில் வேண்டியிருக்க, தந்தை வளைகுடாவில் வேலைபார்க்கும் வீடுகளில் அந்தக் கையொப்பம் கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது.

விதியைத் தளர்த்த வழியே இல்லை என்பதும் உண்மையன்று. அமெரிக்கா தன் பொது விதியில் ஆறு மாதம் கேட்டாலும், உடன்பாடு கண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருப்பதால், இந்தியர்களுக்குத் தங்கும் காலம்வரை செல்லுபடி இருந்தால் போதும். இத்தகைய உடன்பாட்டைத் தமிழர்கள் அதிகம் செல்லும் ஆசிய நாடுகளோடும், குறைந்தபட்சம் சிறாருக்காகவாவது, இந்தியா பேசிப் பெறலாம்.

அதுவரை செய்யத்தக்க சீர்திருத்தம் ஒன்று உள்நாட்டிலேயே இருக்கிறது. காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், புதிய கடவுச்சீட்டின் காலம் வழங்கும் நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால், முன்னெச்சரிக்கையோடு நடப்பவரே எஞ்சிய மாதங்களை இழக்கிறார். சிறாருக்காவது அந்த மாதங்களைப் புதிய கடவுச்சீட்டில் சேர்த்துத் தருவதே அந்தச் சீர்திருத்தம். பிரிட்டன் 2018 வரை ஒன்பது மாதம்வரையிலான எச்சத்தைப் புதியதில் சேர்த்துத் தந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் அவ்வாறு பத்தாண்டைத் தாண்டிய பிரிட்டிஷ் கடவுச்சீட்டுகள் ஷெங்கன் நாடுகளில் சிக்கலுக்குள்ளாயின. ஐந்தாண்டுச் சிறார் கடவுச்சீட்டோ, ஓராண்டு எச்சத்தையும் சேர்த்தாலும் ஆறாண்டைத் தாண்டாது. ஆகவே அந்தச் சிக்கல் இங்கே எழ இடமில்லை.