காலுக்கு ஏற்ற காலுறை

கழக்கூட்டத்தில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து பிழைப்புக்காக வந்தவர். அவருடைய கணவர் இரவுக் காவலாளி. அண்ணனுக்குச் சர்க்கரை நோய் உண்டு.

அக்கா சிறு வயதிலேயே குரோஷாப் பின்னல் கற்றவர். மேசை விரிப்பு பின்னுவார். குழந்தைகளுக்குத் தொப்பி பின்னுவார். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் மாலை வகுப்பில் சேர்ந்துதான் தமிழ் எழுத்தும் எண்ணும் கற்றார்.

ஒரு மழைக்காலம். அண்ணன் காவல் இருக்கும் அறையில் டைல்ஸ் தரை. இரவில் கால் ஜில்லிட்டுப் போகிறது என்றார். அக்கா இரண்டே நாளில் ஒரு ஜோடி காலுறை பின்னிக் கொடுத்தார்.

நான்காம் நாள் வகுப்புக்கு வந்த அக்காவின் முகம் வாடி இருந்தது.

"என்ன அக்கா, உடம்புக்குச் சரியில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே. அவருக்கு சுண்டு விரல்ல கொப்புளம். நான் போட்ட உறை இறுக்கிப் பிடிச்சிருக்கு. அவருக்கு வலியே தெரியல. நேத்து ராத்திரி கால் கழுவும்போது நான்தான் பார்த்தேன்."

"அளந்து பார்த்தா பின்னினீங்க?"

"என் காலை வச்சுப் பார்த்தேன். அவருக்குக் கொஞ்சம் நீளமா இருக்கட்டும்னு நாலு சுத்து கூடப் போட்டேன். அவ்வளவுதான்."

தவறு இங்கேதான் நடந்தது. அண்ணனை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். நல்ல வேளை, புண் பெரிதாகவில்லை. அதன் பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, அளவு எடுத்து, நோட்டில் எழுதி, புதிய ஜோடி பின்னினோம். அதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆண்களின் கால் வேறு

ஆணின் கால் பெரும்பாலும் பெண்ணின் காலைவிட நீளம் கூடியது. அது மட்டும் அல்ல. அகலமும் கூடியது. விரல் பகுதி பரந்து இருக்கும். பாதத்தின் மேல்பகுதியும் உயர்ந்து இருக்கும். அதனால் நீளத்தை மட்டும் கூட்டினால் போதாது. சுற்றளவையும் கூட்ட வேண்டும்.

உறை சிறியதாக இருந்தால் விரலை நெரிக்கும். பெரியதாக இருந்தால் உள்ளே மடிப்பு விழும். அந்த மடிப்பும் தோலை உரசும். நடக்கும்போது காலும் வழுக்கும். ஆகவே அளவாக இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

தேவையான பொருள்கள்

நடுத்தரக் கனமுள்ள நூல் சுமார் 150 கிராம். 3.5 மில்லிமீட்டர் குரோஷா ஊசி. அளவு நாடா. தைக்கும் பெரிய ஊசி. வேறு நிறத்தில் சில நூல் துண்டுகள். ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

எந்த நூல் நல்லது? கம்பளி நூல் சூடு தரும். இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கு வரும். பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சும். ஆனால் நீண்டால் எளிதில் சுருங்காது. மழைக்காலத்தில் காய நேரம் ஆகும். கடையில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பருத்தி கலந்த நூல் ஏற்றது. இரண்டு ஜோடி பின்னி மாற்றி மாற்றிப் போடலாம்.

தேவையான நூல் முழுவதையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். அடுத்த முறை வாங்கினால் சாயம் சிறிது மாறி இருக்கும்.

அளவு எடுப்பது எப்படி?

மாலையில் அளவு எடுங்கள். நாள் முழுவதும் நடந்த பிறகு கால் சற்று வீங்கி இருக்கும். அந்த அளவுதான் சரி.

ஒரு காகிதத்தைத் தரையில் விரியுங்கள். அதன் மேல் அவரை நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. நின்றால்தான் பாதம் விரியும். குதிகால் முனையிலும், நீளமான விரல் முனையிலும் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் நீளம். பிறகு விரல்களுக்குக் கீழே, பாதம் மிக அகலமாக உள்ள இடத்தில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். அது சுற்றளவு.

இரண்டு காலையும் அளங்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் அளவு: நீளம் 26 செ.மீ. சுற்றளவு 25 செ.மீ. அக்கா இதைத் தம் கையாலேயே நோட்டில் எழுதினார்.

ஒரு சிறு கணக்கு

எல்லாருடைய கையும் ஒன்று அல்ல. ஒருவர் இறுக்கிப் பின்னுவார். ஒருவர் தளர்த்திப் பின்னுவார். அதனால் முதலில் ஒரு சிறு சதுரம் பின்னிப் பாருங்கள். அதில் 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண் இருக்கிறது என்று எண்ணுங்கள். அக்காவின் பின்னலில் 20 கண் இருந்தது. அதாவது ஒரு செ.மீ.க்கு 2 கண்.

பின்னல் இழுத்தால் நீளும். ஆகவே சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும்.

25 செ.மீ.யில் பத்தில் ஒரு பங்கு 2.5 செ.மீ.
25 - 2.5 = 22.5 செ.மீ.
22.5 x 2 = 45 கண்.

நாம் ஒவ்வொரு சுற்றிலும் 4 கண் கூட்டப் போகிறோம். அதனால் 4 ஆல் வகுபடும் எண் வேண்டும். 45க்கு அருகில் உள்ளது 44. சாதாரணக் காலுக்கு இது போதும்.

உங்கள் சதுரத்தில் 10 செ.மீ.க்கு 18 கண் இருந்தால்? 22.5ஐ 18 ஆல் பெருக்கி 10 ஆல் வகுங்கள். 40.5 வரும். 40 கண் எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இப்படிக் குறைக்க வேண்டாம். அண்ணனுக்கு 25 x 2 = 50 கண் வந்தது. நாங்கள் 48 கண் வைத்தோம். கீழே 44 கண்ணுக்கு முறை சொல்கிறேன். 48 வேண்டும் என்றால் இன்னும் ஒரு சுற்று கூட்டுங்கள்.

பின்னும் முறை

விரல் முனையில் தொடங்கிக் குதிகாலில் முடிப்போம். இதில் ஒரு நன்மை உண்டு. நடு நடுவே காலில் போட்டுப் பார்க்கலாம்.

ஒற்றைப் பின்னல் மட்டும் தெரிந்தால் போதும். ஊசியைக் கண்ணில் நுழைத்து நூலை இழுங்கள். ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைக் கொக்கியில் மாட்டி இரண்டு வளையத்தின் வழியாகவும் இழுங்கள். இது ஒற்றைப் பின்னல்.

1. விரல் முனை: 9 சங்கிலி போடுங்கள். ஊசிக்கு அடுத்த ஒரு சங்கிலியை விட்டு, மற்ற 8 சங்கிலியிலும் ஒற்றைப் பின்னல் போடுங்கள். முனையில் திரும்பி, சங்கிலியின் மறுபக்கத்திலும் 8 போடுங்கள். மொத்தம் 16 கண். இப்போது ஒரு பக்கம் 8, மறுபக்கம் 8.

2. அகலப்படுத்துதல்: ஒவ்வொரு பக்கத்திலும் முதல் கண்ணிலும் கடைசிக் கண்ணிலும் இரண்டு இரண்டு பின்னல் போடுங்கள். ஒரு சுற்றுக்கு 4 கண் கூடும். 20, 24, 28, 32, 36, 40, 44 என்று வரும். ஏழு சுற்றில் 44 ஆகிவிடும். சுற்றின் தொடக்கத்தில் வேறு நிற நூலைக் குறியாக வையுங்கள்.

3. பாதம்: இனிக் கூட்ட வேண்டாம். சுற்றிச் சுற்றிப் பின்னுங்கள். விரல் முனையில் இருந்து 15 செ.மீ. வரும் வரை பின்னுங்கள். காலில் போட்டுப் பாருங்கள். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும்.

4. வாய் விடுதல்: விரல் பகுதியைத் தட்டையாக வையுங்கள். மேல்பக்கத்தின் நடுவில் 14 கண்ணைக் கண்டுபிடித்து, இரண்டு ஓரத்திலும் குறி நூல் வையுங்கள். முதல் குறி வரை பின்னுங்கள். அங்கே ஒரு சங்கிலி போட்டுத் திருப்புங்கள். சுற்றி வந்து அடுத்த குறி வரை பின்னுங்கள். 30 கண் இருக்கும். மேலே உள்ள 14 கண்ணைத் தொட வேண்டாம். கால் நுழைய அதுதான் வழி.

5. குதிகால்: இந்த 30 கண்ணில் மட்டும் போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் பின்னுங்கள். 10 செ.மீ. வேண்டும். ஆனால் கடைசி இரண்டு வரிசையில் நடுவில் 2 கண் 2 கண்ணாகக் குறையுங்கள். 30 கண் 28 ஆகும். பிறகு 26 ஆகும். இப்படிச் செய்தால் குதிகாலில் மூலை துருத்தாது.

மொத்த நீளம் 15 + 10 = 25 செ.மீ. காலின் நீளம் 26 செ.மீ. ஒரு செ.மீ. குறைவாக இருப்பதே சரி. போட்டதும் நீண்டு பொருந்தும்.

6. தைத்தல்: கடைசி வரிசையை நடுவில் மடியுங்கள். இந்தப் பக்கம் 13, அந்தப் பக்கம் 13. இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். தையலின் மேடு வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்தால் குதிகாலை உரசும்.

7. வாய் ஓரம்: வாயைச் சுற்றி 3 சுற்று பின்னுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று இடத்தில் இரண்டு கண்ணை ஒன்றாகச் சேருங்கள். முன்பக்க மூலைகள் இரண்டு, குதிகாலுக்கு மேல் ஒன்று. இறுக்கமான எலாஸ்டிக் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சுற்று, எத்தனை வரிசை என்று நோட்டில் எழுதுங்கள். அப்போதுதான் இரண்டாவது உறை முதல் உறையைப் போலவே வரும். அக்கா முன்பு பின்னியவற்றில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். இப்போது அப்படி வருவது இல்லை.

வழுக்காமல் இருக்க

நூல் உறை டைல்ஸ் தரையில் வழுக்கும். வயதானவர்கள் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். அடிப்பாகத்தில் தோல் துண்டு வைத்துத் தைக்கலாம். தோலின் சொரசொரப்பான பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிலிக்கான் பசையைப் புள்ளி புள்ளியாக வைக்கலாம். ஒரு நாள் முழுவதும் காய விடுங்கள். ஈரத் தரையில் இதோடு நடக்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் இருந்தால் காலின் நரம்புகள் பாதிக்கப்படலாம். அப்போது வலி தெரியாது. சூடு தெரியாது. சிறு கொப்புளம் பெரிய புண்ணாகும் வரை தெரியாமலே போகலாம்.

ஆகவே வெளிர் நிற நூலில் பின்னுங்கள். இரத்தமோ சீழோ பட்டால் உடனே கண்ணுக்குத் தெரியும். குரோஷாப் பின்னலில் சிறு மேடுகள் உண்டு. அதனால் உள்ளே மெல்லிய பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னலின் ஓட்டையில் நகம் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது செருப்பு கட்டாயம் வேண்டும். முள்ளையும் ஆணியையும் நூல் தடுக்காது. தினமும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். புண், சிவப்பு, வீக்கம் எது கண்டாலும் மருத்துவரிடம் போங்கள்.

உழைப்புக்கும் விலை உண்டு

நூல் வேலை நம் பக்கத்துப் பெண்களுக்குப் புதிது அல்ல. சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே மார்த்தா மால்ட் என்ற அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல்லின் மனைவி. அவர் இடையன்குடியில் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்.

ஆந்திராவில் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் பேர் போன ஊர். மரியா மீஸ் என்ற பேராசிரியர் அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் எழுதினார். அந்த லேஸ் வெளிநாடு வரை விற்றது. ஆனால் வீட்டில் இருந்து பின்னிய பெண்களுக்கு மிகக் குறைந்த கூலியே கிடைத்தது. "சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே" என்று அவர்கள் உழைப்பை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

நாமும் கணக்கு வைப்போம். ஓர் எடுத்துக்காட்டு: நூலின் விலை 120 ரூபாய். பின்ன 8 மணி நேரம். 200 ரூபாய்க்கு விற்றால் மிஞ்சுவது 80 ரூபாய். அதாவது மணிக்கு 10 ரூபாய். இது போதுமா? விலை சொல்லும் முன் இந்தக் கணக்கை எழுதிப் பாருங்கள்.

போன வாரம் அக்கா வகுப்புக்கு வந்தார். நோட்டை விரித்துக் காட்டினார். அண்ணனோடு வேலை செய்யும் நான்கு பேரின் கால் அளவு அதில் இருந்தது. நீளம் ஒரு பத்தியில். சுற்றளவு ஒரு பத்தியில். ஓரத்தில் விலை.

"அவருக்குக் கால் எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"ஆறிப் போச்சு மக்களே. ஆனாலும் தினம் ராத்திரி பார்க்கேன். பார்த்துட்டு இதுல ஒரு கோடு போடுவேன்" என்றார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நாளுக்கு ஒரு கோடு. ஒரு நாள்கூட விடவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஓர் ஆணின் பாதத்தை மாலையில் அளந்து நோட்டில் எழுதுங்கள்.
2. சுற்றளவு 24 செ.மீ., 10 செ.மீ.க்கு 20 கண் என்றால், எத்தனை கண் வேண்டும்?
3. உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால், இன்று இரவு அவர் பாதத்தைப் பாருங்கள்.