சின்ன யானையா, பெரிய பிக்கப்பா?
வண்டி வாங்குமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் பலர் வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப் போய், சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வாங்கிவிடலாம் என்ற எண்ணத்துக்கு வருகிறார்கள். அப்போது முதலில் எழும் கேள்வி, முக்கால் டன் ஏற்றும் சின்ன வண்டியை வாங்குவதா, ஒன்றரை டன் ஏற்றும் பெரிய பிக்கப்பை வாங்குவதா என்பதுதான். நாம் பார்த்த அளவில், பெரும்பாலோர் பக்கத்துக் கடைக்காரர் எந்த வண்டி வைத்திருக்கிறார் என்பதையும், எதற்கு முன்பணம் குறைவு என்பதையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். தம் கடைக்கு வாரத்துக்கு எத்தனை கிலோ சரக்கு வருகிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்பவர்கள் குறைவு. ரூபாயில் சொல்வார்கள், மூட்டையில் சொல்வார்கள், கிலோவில் சொல்வதில்லை. வண்டிக்கோ கிலோ ஒன்றுதான் தெரியும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மாட்டு வண்டியும், மூன்று சக்கர டெம்போவும், பஜாஜ் டெம்போவின் மெட்டடாரும், அதற்கு மேல் போனால் லாரியில் பங்குச் சரக்கும் என்றுதான் நம் கடைகள் நடந்தன. 2005-ஆம் ஆண்டு மே மாதம் டாடா நிறுவனம் ‘ஏஸ்’ வண்டியைக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கரம், முக்கால் டன் பாரம். நம் மக்கள் அதற்குச் சின்ன யானை, குட்டி யானை என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2011-இல் அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ ஒன்றேகால் டன்னுக்கு வந்தது. மகிந்திராவின் பொலிரோ பிக்கப் 1.3 டன், 1.5 டன், 1.7 டன் எனப் பல அளவுகளில் ஓடுகிறது. ஆகவே இன்று தேர்வு செய்ய நிறைய இருக்கிறது. தவறாகத் தேர்வு செய்யவும் அதே அளவு இடமிருக்கிறது.

முதலில் ஆர்.சி.யைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று சரக்கோடு சேர்த்து அந்த வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி வெறும் வண்டியின் எடையில் ஓட்டுநரும் உதவியாளும் சேரமாட்டார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து 140 கிலோ என்றால், அது உங்கள் சரக்குக் கணக்கிலிருந்துதான் போகும். வண்டி எடுத்த பிறகு இரும்புக் கம்பிக் கூண்டு, தார்ப்பாய்ச் சட்டம், பின்கதவுக்குக் கூடுதல் தகடு என்று பட்டறையில் போட்டுக்கொள்கிறோமே, அவற்றின் எடையும் அப்படியே. விளம்பரத்தில் 750 கிலோ என்று போட்டிருக்கும் சின்ன வண்டியில் நிதானமாகக் கழித்துப் பார்த்தால், மளிகைக்கு மிஞ்சுவது 600 கிலோ அளவில்தான் நிற்கும்.

இப்போது ஒரு சாதாரணச் சில்லறைக் கடையின் கொள்முதல் சீட்டை எடுத்துக்கொள்வோம். 26 கிலோ அரிசிச் சிப்பம் பன்னிரண்டு, 312 கிலோ. சர்க்கரை 50 கிலோ மூட்டை மூன்று. துவரம் பருப்பு 50 கிலோ மூட்டை இரண்டு, உளுந்து ஒன்று, மைதா ஒன்று. 15 கிலோ எண்ணெய் டின் எட்டு. வெல்லம் 30 கிலோ மூட்டை இரண்டு, உப்பு 25 கிலோ மூட்டை இரண்டு. பெரிய கொள்முதல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கூட்டினால் 892 கிலோ. இதைச் சின்ன வண்டியில் அடுக்கினால் பக்கப் பலகைக்குச் சற்று மேலே நிற்கும். பார்ப்பவருக்கு வண்டியில் இன்னும் இடம் இருப்பதாகவே தோன்றும். லோடுமேனும் “இன்னும் நாலு மூட்டை போடலாம் அண்ணாச்சி” என்பார். ஆனால் அந்த வண்டியின் பாரம் எப்போதோ தாண்டிவிட்டது.

மளிகைச் சரக்கின் குணமே இதுதான். அரிசியும் சர்க்கரையும் பருப்பும் எண்ணெயும் கனம் மிகுந்தவை. இடம் நிறையுமுன் எடை நிறைந்துவிடும். அப்பளம், சிப்ஸ், சேமியா, தீப்பெட்டிப் பண்டல், பிளாஸ்டிக் சாமான் விற்பவருக்கு நிலைமை நேர்மாறு. அவருக்கு எடை பாதிகூட வராது, இடம் போதாது. அவர் பார்க்க வேண்டியது தொட்டியின் நீளத்தை. சின்ன வண்டியில் தொட்டி ஏழடியை ஒட்டி இருக்கும். பெரிய பிக்கப்களில் எட்டடி முதல் பத்தடி வரை கிடைக்கிறது. ஒரே வீதியில் பக்கத்துப் பக்கத்துக் கடையாக இருந்தாலும் இந்த இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் வண்டி வாங்கக் கூடாது.

“கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் பட்டை போட்டுவிட்டால் போகிறது, ஒன்றரை டன் தாங்கும்” என்று பட்டறைகளில் சொல்வதை நாமும் கேட்டிருக்கிறோம். பட்டை போட்டால் வண்டி தாழாது என்பது உண்மை. ஆனால் பிரேக் பழைய பிரேக்தான். ஆக்சில், பேரிங், டயர், சேஸிஸ் எல்லாம் முக்கால் டன்னுக்குச் செய்தவைதான். பட்டை போடுவதால் கண்ணுக்கு எச்சரிக்கை செய்து கொண்டிருந்த ஒரே அடையாளமும் மறைந்து போகிறது. இரட்டைப் பாரத்தோடு மழையில் வரும் வண்டி முன்னால் குழந்தை குறுக்கே ஓடினால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஓட்டுவது பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை அல்லது பல வருடம் நம்மிடம் வேலை பார்க்கும் ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சட்டமும் சும்மா இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிகுதிச் சரக்கை அந்த இடத்திலேயே இறக்கவும் வேண்டும். இறக்கும் செலவும் நம்முடையதே. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்த உரிமையாளரும் பொறுப்பாளி. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதிக பாரத்தைக் காட்டி வண்டிச் சேதத் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ வழி ஏற்படுகிறது. ஒரு மூட்டைக்குப் பத்து ரூபாய் வண்டிச் செலவு மிச்சம் பிடிக்கப் போய் இத்தனையையும் தலையில் சுமப்பது வியாபாரம் ஆகாது.

சரி, பெரியதையே வாங்கிவிடலாமா? அதற்கும் கணக்குப் போடுவோம். மொத்த மார்க்கெட் கடையிலிருந்து 40 கிலோமீட்டர், போய் வர 80 என்று வைத்துக்கொள்வோம். பாரத்தோடு சின்ன வண்டி லிட்டருக்கு 16, பெரியது 12 கிலோமீட்டர் ஓடும் என்றும், டீசல் லிட்டர் 92 ரூபாய், ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய் என்றும் கொள்வோம். உங்கள் ஊர்க் கணக்கு சற்று மாறலாம். அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.

வாரம் ஒன்றரை டன் சரக்கு எடுப்பவர், சின்ன வண்டியில் முறையாக ஏற்றினால் மூன்று நடை போக வேண்டும். டீசல் 1,380, ஆள் 2,400, ஆக 3,780 ரூபாய். பெரிய வண்டி ஒரே நடையில் முடித்துவிடும். டீசல் 613, ஆள் 800, ஆக 1,413. வாரத்துக்கு 2,367 ரூபாய் வித்தியாசம். வருடத்துக்கு 1,23,000 ரூபாய்க்கு மேல். வண்டி விலையில் மூன்றரை லட்சம் கூடுதல் என்றாலும், பத்து சதவீத வட்டி 35,000 ரூபாய்தான். தேய்மானத்தையும் டயர் செலவையும் கூடுதலாக வைத்தால்கூட இவருக்குப் பெரிய வண்டியே லாபம். இப்படிப்பட்டவர்கள்தாம் சின்ன வண்டியை வாங்கி, மூன்று நடைச் சரக்கை இரண்டு நடையில் திணித்து அவதிப்படுகிறார்கள்.

வாரம் 600 கிலோ எடுப்பவரின் கதை வேறு. எந்த வண்டியானாலும் ஒரே நடைதான். டீசலில் பெரிய வண்டிக்கு வாரம் 153 ரூபாய் கூட, வருடத்துக்கு 8,000. அதோடு அந்த 35,000 வட்டி. ஆக, காலியாகக் கிடக்கும் தொட்டிக்காக வருடம் 43,000 ரூபாய் கட்டுகிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்கு இரட்டிப்பாகுமே என்பார்கள். அந்த எட்டு நடைக்கு 3,000 ரூபாய் வீதம் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தாலும் 24,000 தான். பண்டிகைக் காலத்தைப் பார்த்து வண்டி வாங்கக் கூடாது. ஆடி மாதத்துச் சாதாரண வாரத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வாரம் ஒரே ஒரு நடைதான் என்றால் சொந்த வண்டியே வேண்டாம். வாடகை 2,000 என்றால் வருடத்துக்கு 1,04,000 ரூபாய். சொந்த வண்டியில் டீசலும் ஆளும் மட்டுமே 65,000 ரூபாயைத் தாண்டும். மிஞ்சுவதில் வட்டியே அடையாது. பிறகு இன்சூரன்ஸ், டயர், எஃப்.சி. எல்லாம் எங்கிருந்து வரும்? மற்ற நாட்களில் வீட்டு விநியோகத்துக்கும், சுற்று வட்டாரக் கடைகளுக்குச் சரக்கு போடவும் வண்டி ஓடுமானால்தான் சொந்த வண்டி நியாயம்.

அப்படி விநியோகத்துக்கு ஓடுவதானால் சின்ன வண்டிக்குத் தனிப் பெருமை உண்டு. மதுரை கீழமாசி வீதியிலோ, சேலம் லீ பஜாரிலோ, சென்னை கொத்தவால்சாவடிப் பக்கத்துச் சந்துகளிலோ காலை பத்து மணிக்கு வண்டி திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரிய பிக்கப் அகலத்தில் ஓரடிக்கும் குறைவாகத்தான் அதிகம். நீளத்தில்தான் நான்கடிக்கு மேல் வித்தியாசம். கடை வாசலில் நிறுத்தி இறக்கும்போது அந்த நான்கடிதான் பக்கத்துக் கடைக்காரரோடு தினமும் வாய்த்தகராறு ஆகிறது. வாங்குமுன் உங்கள் கடைக்கும் கிட்டங்கிக்கும் ஒரு வாடகைப் பிக்கப்பை வரவழைத்துத் திருப்பிப் பாருங்கள்.

மலை ஊர்க் கடைக்காரர்களுக்கு நாம் தயங்காமல் பெரியதையே சொல்வோம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கோ, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கோ பாரத்தோடு ஏறும்போது 702 சி.சி. இரண்டு சிலிண்டர் எஞ்சின் திணறும். இரண்டரை லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் அமைதியாக ஏறும். ஏறுவதை விட இறங்குவது முக்கியம். சின்ன வண்டியின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதற்குக் கீழ்நோக்கிய சில வளைவுகளே போதும்.

சட்ட விவகாரங்களில் அறிய வேண்டியவை சில. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. சின்ன வண்டிகள் எல்லாம் இதற்குள் அடங்கும். 1.7 டன் ஏற்றும் பிக்கப்கள் பொதுவாக 3,000-த்தைத் தாண்டிவிடும். பர்மிட் எடுத்தாக வேண்டும். விற்பனையாளரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் 7,500 கிலோ வரை ஒரே படிதான். ஆகவே சின்னதற்குக் குறையும் என்று எண்ண வேண்டாம். ஆனால் சொந்தச் சரக்குக்கு மட்டும் என்று குறைந்த பிரீமியம் கட்டிவிட்டு, பக்கத்துக் கடைச் சரக்கை வாடகைக்கு ஏற்றி வந்தால், விபத்தின்போது சிக்கல்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. முறையான பதிவு வைத்திருப்பவர்கள் இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். காருக்கு இல்லாத சலுகை இது. எடுத்தால் அந்த வரித் தொகைக்குத் தேய்மானம் கோரக் கூடாது. வரி விலக்குள்ள சரக்கும் விற்பவர்கள் அந்த விகிதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. அவர்கள் முழு விலையும் தம் செலவு என்றே கணக்குப் போட வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். குனிந்து பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். அதே ரகப் புது வண்டியில் எத்தனை பட்டை என்று முன்பே விற்பனை நிலையத்தில் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பட்டை கூடுதலாக இருந்தால், முன்னவர் அதில் என்ன ஏற்றினார் என்பது தெரிந்துவிடும். சேஸிஸில் வெல்டிங் வைத்த அடையாளமும் இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.