கமெராவுக்கும் திரைக்கும் இடையில் 40 மீற்றர்

பரிசளிப்பு விழா முடிந்ததும் பெற்றோர்கள் எமது ஊடகக் கழக மாணவிகளிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “பிள்ளை மேடைக்கு ஏறுற நேரம் பார்த்து ஏன் மகள் திரை கறுத்துப் போகுது?” கமெரா பழுது, படம் எடுத்த பிள்ளைக்குப் பழக்கம் போதாது, மின்சாரம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணமும் சொல்வார்கள். கமெராவிலிருந்து திரை வரைக்கும் சுவரோரமாகக் கிடக்கும் கேபிளை யாரும் சந்தேகிப்பதில்லை. அனேகமான நேரங்களில் குற்றவாளி அதுதான்.

படம் பிடித்துப் பின்னர் வெட்டி ஒட்டித் தரும் வீடியோவில் கேபிளுக்கு வேலையே இல்லை. காட்சி கமெராவுக்குள் இருக்கும் அட்டையில் பதிவாகிவிடும். நேரடி ஒளிபரப்பு வேறு விதம். மூன்று கமெராக்களின் படமும் அந்தந்தக் கணத்திலேயே மிக்ஸர் மேசைக்கு வந்து சேர வேண்டும். அங்கே அமர்ந்திருக்கும் மாணவி அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய, அது மண்டபத்தின் பெரிய திரைக்கும் இணையத்துக்கும் போகிறது. கேபிள் அரைச் செக்கன் தடுமாறினால் கறுப்பு அரைச் செக்கனோடு முடிவதில்லை. எதிர்ப்பக்கத்திலுள்ள கருவி படத்தை மீண்டும் அடையாளம் கண்டு காட்டுவதற்குச் சில செக்கன்கள் பிடிக்கும். ஒரு பிள்ளை அதிபரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திரும்புவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். கட்டாரிலோ சவூதியிலோ வேலைக்கு இடையில் கைப்பேசியைத் திறந்து வைத்திருக்கும் வாப்பாவுக்கு இன்னொரு முறை அதைக் காட்ட முடியாது.

எமது கல்லூரியில் பெண்கள் மட்டும் கூடும் நிகழ்ச்சிகளே அதிகம் என்பதால் வெளியிலிருந்து படப்பிடிப்பாளர்களை அழைப்பதில்லை. கமெராவும் நாங்கள்தான், கேபிளும் நாங்கள்தான். இம்முறை பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஊடகக் கழகத்துக்கு ஒரு தொகைப் பணம் ஒதுக்கித் தருவதாகச் சொன்னபோது எமக்குள் இரண்டு கட்சிகள் உருவாகின. ஒரு கட்சிக்கு நான்காவது கமெரா வேண்டும். மற்றக் கட்சிக்கு, அதாவது எனக்கும் இன்னும் இருவருக்கும், கேபிள் வேண்டும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்ற காரணத்தால் விளக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த விளக்கத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் தூரம். எமது மண்டபத்தில் பின்பக்கக் கமெராவுக்கும் மிக்ஸர் மேசைக்கும் நேர்கோட்டில் 22 மீற்றர். ஆனால் கேபிள் நேர்கோட்டில் போக முடியாது. நடுவில் கதிரைகளும், கைக்குழந்தையோடு எழுந்து வெளியே போகும் உம்மாமாரும் இருப்பார்கள். சுவரோரமாக ஓடி, இரண்டு கதவுகளுக்கு மேலாக ஏறி இறங்கினால் 36 மீற்றர். கமெராவை நகர்த்துவதற்காகக் காலடியில் விடும் சுருளையும் சேர்த்தால் 40. கேபிள் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் ஒரு கயிற்றை எடுத்து, கேபிள் போகும் அதே வழியால் பிடித்து அளந்துவிடுங்கள். கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைத்துத்தான் சொல்வோம்.

இனி அந்தக் கேபிளுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். முழு எச்.டி. படம் ஒன்றில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. செக்கனுக்கு 50 படங்கள் அனுப்பினால், தொழில்முறைக் கேபிளில் செக்கனுக்கு 297 கோடி பிட்கள் ஓடுகின்றன. கேபிளினுள் சைகை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் போகிறது என்று வைத்துக் கணக்கிட்டேன். ஒரு பிட் பிடிக்கும் இடம் சுமார் 8 சென்ரிமீற்றர். 40 மீற்றர்க் கேபிளில் எந்தக் கணத்திலும் ஏறக்குறைய 500 பிட்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. பாதையில் எங்காவது கேபிள் நசுங்கியிருந்தால் அந்த வரிசை குழம்புகிறது.

பழைய அனலொக் தொலைக்காட்சியில் சைகை பலவீனமானால் படம் மெல்ல மெல்லப் புள்ளி விழுந்து மங்கும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை அனேகமாகக் கிடைப்பதில்லை. கேபிள் நீள நீளச் சைகை தேய்கிறது, அதுவும் மீடிறன் கூடக் கூட அதிகமாகத் தேய்கிறது. ஓர் எல்லை வரைக்கும் எதிர்ப்பக்கக் கருவி 0 எது, 1 எது என்று சரியாகப் பிரித்தறிந்து குறையில்லாத படத்தைக் காட்டும். அந்த எல்லையைத் தாண்டிச் சில மீற்றர்களிலேயே சிறு மினுக்கங்கள் தோன்றும், பிறகு ஒன்றுமே இல்லை. அதனால்தான் “நேற்று ஒத்திகையில் நல்லாத்தானே இருந்தது” என்ற பேச்சு வருகிறது. ஒத்திகையில் அது எல்லைக்கு ஓர் அங்குலம் இப்பால் நின்றிருக்கலாம். விழா அன்று யாரோ கேபிளை மிதிக்க, அப்பால் போய்விட்டது.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கேபிள் எச்.டி.எம்.ஐ. 2002ஆம் ஆண்டின் இறுதியில் சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி முதலிய நிறுவனங்கள் சேர்ந்து அதன் முதல் விதிமுறையை வெளியிட்டன. தொலைக்காட்சிக்கும் அதன் கீழே இருக்கும் பெட்டிக்கும் இடையில் ஓடுவதற்காகவே அது பிறந்தது. முனையில் 19 ஊசிகள். படத்தைச் சுமப்பவை நான்கு சோடிக் கம்பிகள், ஒவ்வொன்றும் தலைமயிர் போல மெல்லியது. ஐந்து, ஏழு மீற்றர் வரைக்கும் நம்பலாம். பத்துப் பதினைந்து மீற்றர் என்பது கேபிளின் தரத்தையும் கமெராவின் பலத்தையும் பொறுத்தது. அதற்கு மேல் சாதாரண செப்புக் கேபிளை நேரடி நிகழ்ச்சிக்கு நம்பி இறங்கக்கூடாது என்பதே என் எண்ணம். இரண்டு கேபிள்களை ஜொயின்டர் போட்டு இணைப்பது அதைவிட மோசம். ஒவ்வொரு மூட்டும் சைகையைச் சிறிது விழுங்குகிறது.

நீளத்தைவிட எனக்குக் கோபம் வருவது அதன் முனையைப் பார்த்துத்தான். எச்.டி.எம்.ஐ. முனையில் பூட்டு கிடையாது. கமெராவின் பக்கம் இருக்கும் சின்னஞ்சிறு மைக்ரோ துளையில் தடித்த கேபிளைத் தொங்கவிட்டால் அதன் பாரமே முனையைக் கீழே இழுக்கும். கேபிளை முக்காலியின் காலில் ஒருமுறை சுற்றிக் கட்டிவிட்டால் பாரம் துளையில் விழாது. ஒரு ரூபாய் செலவில்லாத வேலை இது, ஆனால் அனேகர் செய்வதில்லை.

தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்துவது எஸ்.டி.ஐ. என்ற முறை. அதில் நடுவே ஒரே ஒரு செப்புக் கம்பி, அதைச் சுற்றி நுரை, அதற்கு மேல் உலோகத் தாளும் வலையும், வெளியே உறை. முனையின் பெயர் பி.என்.சி. உள்ளே தள்ளி, கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. முழுச் செப்பாலான நல்ல ஆர்.ஜி. 6 கேபிளில் செக்கனுக்கு 148 கோடி 50 இலட்சம் பிட் வேகமுள்ள சைகை 100 மீற்றரளவு போகும். 297 கோடி பிட் வேகத்தில் சுமார் 70 மீற்றர் வரை போகும். எமது 40 மீற்றர் அதற்குள் தாராளமாக அடங்குகிறது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. எமது கமெராக்களில் எஸ்.டி.ஐ. துளை இல்லை. ஒவ்வொரு கமெராவிலும் எச்.டி.எம்.ஐ. சைகையை எஸ்.டி.ஐ. ஆக மாற்றும் சிறிய பெட்டி ஒன்று வேண்டும். எமது மிக்ஸர் எச்.டி.எம்.ஐ. மட்டுமே ஏற்பதால் மறுமுனையிலும் ஒவ்வொன்று வேண்டும். பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், அதன் பிளக் கழன்றால் படம் போய்விடும். இருந்தாலும் ஒரு பெட்டி பழுதானால் இரண்டு நிமிடத்தில் மாற்றலாம், சுவரில் கட்டிய 40 மீற்றரை மாற்ற முடியாது.

கடையில் கவனிக்க வேண்டியது நீளத்தையும் விலையையும் மட்டும் அல்ல. வீடியோ கேபிளின் இம்பீடன்ஸ் 75 ஓம். அதே பி.என்.சி. முனையோடு வானொலிக் கருவிகளுக்கான 50 ஓம் கேபிளும் விற்பனைக்கு உண்டு, பார்வைக்கு இரண்டும் சகோதரிகள். 75 ஓம் பாதையில் ஓடும் சைகை 50 ஓம் துண்டைச் சந்தித்தால் என்ன நடக்கும்? தெறிப்புக் குணகம் 75க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும்: 25 கீழ் 125, அதாவது 0.2. வோல்ற்றளவில் ஐந்திலொரு பங்கு திரும்பி வந்து, பின்னால் வரும் பிட்களோடு மோதுகிறது. கயிற்றில் அலை அனுப்பும் பரிசோதனையில் தடித்த கயிறும் மெல்லிய கயிறும் சேருமிடத்தில் நாங்கள் பார்த்த அதே தெறிப்புத்தான். கேபிள் உறையில் 75 ஓம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்தது நடுக்கம்பி. நாங்கள் மாதிரிக்கு வாங்கப் போன ஒரு கடையில் டிஷ் அன்டெனா வயரைக் காட்டி, “இதும் அதும் ஒண்டுதான் மகள், இது முழுச் செம்பு” என்றார்கள். நானாவின் காந்தத்தை எடுத்துப் போயிருந்தேன். நடுக்கம்பி காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே உருக்கு, மேலே செப்புப் பூச்சு மட்டும். கடைக்காரரின் வாதத்திலும் பாதி உண்மை இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும். மிக உயர்ந்த மீடிறனில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில் மட்டுமே ஓடும். 1 கிகாஹேர்ட்ஸில் செப்பின் மேல் இரண்டு மைக்ரோமீற்றர் ஆழமே அதற்குப் போதும். அதனால் டிஷ் சைகைக்கு அந்தக் கேபிள் ஒத்துவருகிறது. எஸ்.டி.ஐ. சைகையில் குறைந்த மீடிறன் பகுதியும் கலந்திருக்கிறது. அந்தப் பகுதிக்கு மெல்லிய பூச்சு போதாது, உருக்கின் தடையில் அது தேய்ந்துவிடும். காந்தத்தில் ஒட்டாவிட்டாலும், பிளேட்டால் சிறிது சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சுற்றியுள்ள வலையின் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், வெள்ளீயம் பூசிய நல்ல செப்பு வலையும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

ஒளியியல் நார் பொருத்திய எச்.டி.எம்.ஐ. கேபிளும் இப்போது கிடைக்கிறது. முழு அகத் தெறிப்பால் ஒளி ஓடுவதால் 40 மீற்றர் அதற்கு ஒரு பொருட்டல்ல, பாரமும் குறைவு. ஆனால் அதற்குத் திசை உண்டு. கமெராப் பக்கம், திரைப் பக்கம் என்று முனைகளில் எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் படம் வராது. மடிந்து உடைந்தால் முழுக் கேபிளும் குப்பை. பிள்ளைகள் கதிரை இழுக்கும் மண்டபத்தில் அதை நிலத்தில் விட நான் விரும்பவில்லை. சுவரில் நிரந்தரமாகக் குழாய்க்குள் பதித்தால் நல்ல தெரிவு. கம்பியில்லாக் கருவிகளைப் பற்றியும் கேட்டார்கள். நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் கூடும் மண்டபத்தில் அவையும் அதே காற்றில்தான் இடம் தேட வேண்டும். எமது காட்சிகள் மண்டபத்துக்குள் கேபிளிலேயே ஓடுவது எனக்கும் உம்மாவுக்கும் நிம்மதி.

கேபிள் கையில் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. முழங்கையில் சுற்றும் பழக்கத்தை நாங்கள் தடைசெய்திருக்கிறோம். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு ஏறி, நுரை நசுங்கி, 75 ஓம் என்பது அந்த இடத்தில் வேறு எண்ணாகிவிடும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக என்று மாறி மாறிச் சுற்ற வேண்டும். பார்ப்பதற்கு மந்திரம் போலிருக்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். பரிசோதிக்கும்போது முழு நீளத்தையும் விரித்து, மிக உயர்ந்த வேகத்தில், ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, முனைகளை அசைத்துப் பாருங்கள். அதில் மினுங்கினால் கமெராவைச் செக்கனுக்கு 25 படங்களுக்குக் குறையுங்கள். பிட்கள் பாதியாகும், கேபிளும் மூச்சுவிடும். விழா நாளில் கேபிள் இல்லாதவர்களுக்குக்கூட இது கைகொடுக்கும்.

சங்கத்துக்கு நாங்கள் கொடுத்த பட்டியலில் 50 மீற்றர்க் கேபிள் இரண்டும், 25 மீற்றர் ஒன்றும், மாற்றுப் பெட்டிகள் மூன்று சோடியும், முனை அழுத்திப் பொருத்தும் கருவி ஒன்றும் இருக்கின்றன. நான்காவது கமெரா இல்லை. கமெராக் கட்சியினர் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை, கூட்டம் அடுத்த வாரம். இதற்கிடையில் தரம் 10 பிள்ளைகள் மூவர், இரவல் வாங்கிய கருவியில் பி.என்.சி. முனை பொருத்தப் பழகுகிறார்கள். நேற்று ஒருத்தி பொருத்திய முனையை நான் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். கழரவில்லை.